தருமபுரி நாலு ரோடு ஆம்ப் சர்வீஸ் கடை: ராப் கேக்குறவங்க, முத்துக்குமார் பாட்டு பிடிச்சவங்க கண்டிப்பா போங்க

தருமபுரில ஆம்ப் (பாட்டு செட் ஆம்ப்ளிஃபயர்) ரிப்பேருக்கு எங்க குடுக்கலாம்னு யாராவது கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளமா தான் போகும். நாலு ரோட்டுல இருந்து பென்னாகரம் ரோடு பக்கம் கொஞ்ச தூரம் நடந்தா ஒரு சின்ன ஒத்த ஷட்டர் கடை, வாசல்ல கோன் கிழிஞ்ச பழைய ஸ்பீக்கருங்க கயித்துல கோத்து தொங்கும், போர்டுல இருந்த பேரு வெயில்ல வெளுத்துப் போச்சு. கடைக்கார அண்ணன் நெட்ல எம்பேரு போட வேணாம் தம்பின்னு சொல்லிட்டாரு, அதனால போடல. பக்கத்துல யார்கிட்ட கேட்டாலும் கேசட் கடையான்னு கேட்டு கைய காட்டுவாங்க, ஏன்னா ஒரு காலத்துல அவர் கேசட் கடை தான் வச்சிருந்தாரு, அப்புறம் எம்பி3 சிடி, அப்புறம் மெமரி கார்டுல பாட்டு ஏத்தித் தர்றது, அதுவும் நின்னு போனப்புறம் கைல இருந்த சர்வீஸ் தொழில மட்டும் வச்சிக்கிட்டாரு. உள்ள சுவர் ஓரமா இன்னும் ரெண்டு ரேக் நெறைய கேசட்டும் சிடியும் இருக்கு, வேணும்னா விலைக்கும் தருவாரு.

முதல்ல சர்வீஸ் பத்தி. எங்க வீட்ல ஒரு அசெம்பிள் செட், அப்பா வாங்குனது, ரெண்டு பெரிய மரப் பொட்டி ஸ்பீக்கரோட. ஆன் பண்ணாலே ம்ம்ம்னு ஒரு ஹம்மிங், வால்யூம் திருப்புனா கரகரன்னு சத்தம், ஒரு பக்கம் பாட்டு வரும் போகும். இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல காட்டுனதுக்கு போர்டே மாத்தணும், இல்லன்னா புதுசா ப்ளூடூத் செட் வாங்கிக்கோங்கன்னாங்க. இவர் தூக்கிப் பாத்தாரு, மூடிய கழட்டுனாரு, டிரான்ஸ்ஃபார்மர தொட்டுப் பாத்து இது நல்ல சாமான், இப்ப இந்த வெயிட்டுல யாரும் சுத்தித் தர மாட்டாங்க, இத விட்றாதீங்கன்னாரு. பவர் சப்ளைல இருந்த ரெண்டு பெரிய கண்டன்சர் மேல உப்பிப் போயிருந்தத காட்டுனாரு, ஹம்மிங்க்கு அது தான் காரணம், கரண்ட்ட ஒழுங்கா வடிகட்ட மாட்டேங்குதுன்னு சொல்லி புதுசு போட்டாரு. வால்யூம் கன்ட்ரோல்ல தூசி, மருந்து அடிச்சு சுத்தம் பண்ணாரு. ஒரு ஸ்பீக்கர்ல காயில் உரசுச்சு, அத மட்டும் ரெண்டு நாள் வச்சி சுத்தி வாங்கித் தந்தாரு. எல்லாம் சேத்து 850 ரூபா தான் வாங்குனாரு, கழட்டுன பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு கைல குடுத்தாரு, அது எனக்கு ரொம்ப பிடிச்சது, என்ன மாத்துனாங்கன்னு நம்ம கண்ணுல பாத்துக்கலாம்.

இனிமே தான் விஷயம். சர்வீஸ் முடிச்சா பொதுவா எல்லா கடையிலயும் என்ன பண்ணுவாங்க, பேஸ் அடிக்கிற ஒரு குத்துப் பாட்ட போட்டு ஜன்னல் கண்ணாடி ஆடுற அளவுக்கு ஏத்திக் காட்டுவாங்க, நாமளும் சூப்பர்ணான்னு வாங்கிட்டு வந்துருவோம். இவர் அப்படி பண்ண மாட்டாரு. சினிமாப் பாட்டு எழுதுன நா. முத்துக்குமார் பாட்டு தான் போடுவாரு. அதுவும் கற்றது தமிழ் படத்துல வர்ற பறவையே எங்கு இருக்கிறாய், 2007ல வந்தது, யுவன் இசை, இளையராஜா பாடுனது. பேஸ், ட்ரெபிள் ரெண்டையும் நடுவுல வச்சிட்டு கண்ண மூடிட்டு கேப்பாரு. ஏண்ணா இந்த பாட்டுன்னு கேட்டேன். "இதுல குரல் முன்னாடி நிக்கணும் தம்பி, ஒவ்வொரு எழுத்தும் தனியா காதுல விழணும், முத்துக்குமார் போட்டதெல்லாம் சின்னச் சின்ன வார்த்த, ஒண்ணு விழுங்குனாலும் அர்த்தம் போயிரும், இது சரியா கேட்டா மத்ததெல்லாம் சரியா கேக்கும்" அப்டின்னாரு. எங்க செட்ல அன்னைக்கு அந்தப் பாட்ட கேட்டப்போ, அத்தன வருஷமா கேட்ட பாட்டு தான், ஆனா ராஜா சார் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு எடுக்குறது வர கேட்டுச்சு.

நான் ராப் கேக்குற ஆளு. ஓசூர்ல கம்பெனி வேல, பஸ்ல போக வர எப்பவும் காதுல ஏதாவது ஓடும். தமிழ் ராப் புரிய மாட்டேங்குதுன்னு சொல்றவங்கள நெறைய பாத்திருக்கேன், வேகமா பேசிட்டு போறாங்க ஒண்ணும் விளங்கலன்னு. அண்ணன்கிட்ட இத சொன்னதும் என் ஃபோன வாங்கி அவரோட செட்ல கனெக்ட் பண்ணி ஒரு ராப் பாட்ட போட்டாரு, பேஸ முழுசா ஏத்துனாரு, வார்த்த எல்லாம் சேறு மாதிரி குழஞ்சு போச்சு. அப்புறம் பேஸ நடுவுக்கு கொண்டு வந்தாரு, நடு ஸ்பீக்கர் மட்டும் தனியா கேக்குற மாதிரி வூஃபர் வயர கழட்டி விட்டாரு, அவ்ளோ தான், க ச ட த ப எல்லாம் பளிச் பளிச்சுனு வந்து விழுது. பேஸ் கீழ இருக்குற சத்தம், பேச்சுல எழுத்த பிரிச்சுக் காட்டுறது அதுக்கு ரொம்ப மேல இருக்கு, ரெண்டாயிரம் ஹெர்ட்ஸ்ல இருந்து நாலாயிரம் வர, நம்ம ஊர் மினி பஸ்லயும் ஆட்டோலயும் போடுற பொட்டில வூஃபரும் ட்விட்டரும் மட்டும் தான் இருக்கும், நடுவுல இருக்குறது அடி வாங்கிரும், அப்புறம் ராப் புரியலன்னா பாடுனவன் என்ன பண்ணுவான்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. அந்த வயசு ஆளு ஒருத்தர் ராப்புக்காக இவ்ளோ பரிஞ்சு பேசி நான் பாத்ததே இல்ல.

ஞாயித்துக்கிழம சாயந்திரம் அந்த கடைல சர்வீஸ் கெடையாது. ஷட்டர பாதி இறக்கிட்டு ஒரு ஆல்பம் போடுவாரு, ஒண்ணே ஒண்ணு, முதல் பாட்டுல இருந்து கடைசி பாட்டு வர. நடுவுல மாத்தச் சொன்னா மாத்த மாட்டாரு. யார் வேணா போகலாம், காசு கெடையாது, டீ வர்றவங்கள்ல யாராவது சொல்லிருவாங்க. வழக்கமா வர்றவங்கள்ல ஒரு மினி பஸ் டிரைவர் அண்ணன், பாலக்கோட்டுல இருந்து ஒரு காலேஜ் பையன், கவர்மென்ட் ஸ்கூல் தமிழ் டீச்சர் ஒருத்தங்க, அப்புறம் என்ன மாதிரி ஓசூர், பெங்களூர்னு வேலைக்கு போய்ட்டு லீவுக்கு வர்றவங்க. இங்க நடக்குற பேச்சுக்காகவே போகலாம்.

நான் போன ஒரு ஞாயிறு யோகி பி நட்சத்ராவோட வல்லவன். மலேசியா ராப் ஆளுங்க, 2006ல வந்த ஆல்பம். இத கேட்டிருக்கீங்களான்னு கேட்டா எல்லாரும் அதுல வர்ற மடை திறந்து பாட்டு கேட்டிருக்கோம்னு தான் சொல்வாங்க, அதோட நிறுத்திருவாங்க. டிரைவர் அண்ணனுக்கு அதுல ரொம்ப ஆதங்கம். "ஒரு பாட்ட தூக்கி தலைல வச்சிக்கிட்டு மீதி ஆல்பத்த அப்படியே விட்டுட்டோம்பா" அப்டின்னாரு. அதுக்கு ஒரு காரணம் எனக்கு அப்ப தான் ஒறச்சுது, அதே 2006ல சிம்பு படம் வல்லவனும் வந்துச்சு, ஃபோன்ல வல்லவன்னு தேடினா இன்னிக்கும் அந்தப் படப் பாட்டு தான் முன்னாடி வந்து நிக்குது. யோகி பி அதுக்கு முன்னாடியே பொயட்டிக் அம்மோன்னு ஒரு குரூப்ல இருந்தவரு, 1998லயே மலேசியால ஆல்பம் போட்டவங்க, அங்க வருஷக்கணக்கா பழகுன கை, அதனால தான் வல்லவன்ல தமிழ் அவ்ளோ சரளமா தாளத்துல உக்காந்திருக்கு. பாலக்கோட்டு பையன் மடை திறந்து ஒரிஜினல் யாரு எழுதுனதுன்னு கேட்டான். 1980ல நிழல்கள் படத்துக்கு வாலி எழுதுனது, இளையராஜா இசை, எஸ்பிபி பாடுனதுன்னு டீச்சர் சொன்னாங்க. ஒரு கவிஞரோட பல்லவி இருபத்தாறு வருஷம் கழிச்சு கடல் தாண்டிப் போய் ராப் பசங்க வாய்ல உக்காந்துருக்குன்னா அத விட என்ன மரியாத வேணும்னு கேட்டாங்க, எல்லாரும் கொஞ்ச நேரம் அதயே பேசிட்டிருந்தோம்.

இலங்கை ராப் பாடகர் கிரிஷான் மகேசனோட ஏசியன் அவென்யூ ஆல்பமும் அதே 2006 தான். ஜே டவுன் ஸ்டோரின்னு யாழ்ப்பாணத்த பத்தி ஒரு பாட்டு இருக்கு அதுல. நம்ம பக்கம் இந்த ஆல்பத்த கேட்டவங்க ரொம்ப கம்மி. அண்ணன் கைல இருக்குறது யாரோ பதிஞ்சு குடுத்த காப்பி தான், அதுவும் ஒரு எடத்துல தாவுது. 2006ல ஏன் இதெல்லாம் இங்க ஓடலன்னு அவர் சொன்ன காரணம் எனக்கு சரின்னு பட்டுச்சு. அப்ப எம்பி3 சிடி நேரம், ஒரு தட்டுல நூத்தம்பது பாட்டு, வர்றவன் எல்லாம் புதுப்படம் என்ன இருக்குன்னு தான் கேப்பான், ஒவ்வொரு படத்துலயும் ஹிட்டு ரெண்டு போதும்பான், படமே இல்லாத ஆல்பத்த அதுல எங்க சேக்குறது, யாரு கேப்பா, அப்படியே விட்டுட்டோம் தம்பின்னாரு. கேசட்னா ஏ சைடு முடிஞ்சா தான் பி சைடு, பிடிக்குதோ இல்லையோ மூணாவது பாட்டையும் கேட்டாகணும், கேட்டு கேட்டு அது தான் கடைசில பிடிச்ச பாட்டா ஆகும். அதுக்காகத் தான் ஞாயித்துக்கிழம முழு ஆல்பம்.

தெருக்குரல் போட்ட அன்னைக்கு தான் பெரிய வாக்குவாதம். ராப் பாடுற அறிவும் இசையமைக்கிற ஒஃப்ரோவும் சேந்து 2019ல போட்ட ஆல்பம். பையன் ஒரே பிடியா நின்னான், அறிவு செஞ்சதுலயே இது தான் பெருசு, 2021ல என்ஜாயி எஞ்சாமி வந்ததும் எல்லாரும் அதுல போய் நின்னுட்டாங்க, அதுக்கு முன்னாடி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட்ல பாடுன ஆளு, 2018 ஸ்டெர்லைட் போராட்டத்துல செத்துப் போன பொண்ணு ஸ்னோலின் பேர வச்சு தூத்துக்குடில போலீஸ் சுட்டத பத்தி பாட்டு போட்ட ஆளு, அத யாரும் பேச மாட்டேங்குறாங்கன்னு. டிரைவர் அண்ணன் ஒத்துக்கல, எஞ்சாமில பாட்டி கத இருக்கு, தேயிலத் தோட்டம் இருக்கு, எங்க வீட்டு கெழவிங்க வர கேட்டாங்க, நாலு பேர் கேட்டா தான் பாட்டுன்னாரு. நான் பையன் பக்கம் தான். எஞ்சாமிய குறைச்சு சொல்லல, ஆனா தெருக்குரல்ல மனுசன் மூச்சு விடாம ஒரு வாதத்த அடுக்கிக்கிட்டே போறாரு பாருங்க, அத முழுசா உக்காந்து கேக்கணும், பஸ்ல பாதி காதுல கேட்டா பிடிபடாது. அன்னைக்கு அந்த செட்ல ஸ்னோலின் ஓடுனப்போ வாக்குவாதம் பண்ணிட்டிருந்தவங்களே ஒரு வார்த்த பேசல.

டீச்சர் நடுவுல வந்து சொன்னது தான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. எதிராளிய பாட்டுலயே மடக்குறது அமெரிக்காவுல இருந்து வந்ததுன்னு நெனைக்காதீங்கப்பா, நம்ம தகடூர், அதான் பழைய தருமபுரி, அந்த ஊர் சார்பா ஔவையார் அப்பவே பண்ணது தான்னாங்க. தகடூர் மன்னன் அதியமானுக்காக ஔவையார் காஞ்சி மன்னன் தொண்டைமான்கிட்ட தூது போறாங்க, அவன் ஆயுதம் வச்சிருக்குற எடத்த காட்டி பெருமப்படுறான், அதுக்கு ஔவை, உங்க ஆயுதமெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி பத்திரமா காவல்ல இருக்கு, எங்க அதியமானோட ஆயுதம் பகைவர குத்தி நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்குன்னு பாடுறாங்க. புகழ்ற மாதிரியே இருக்கும், உள்ள குத்து. புறநானூறு 95வது பாட்டு. பையன் அசந்து போய்ட்டான், அக்கா இது செம பன்ச்சு, இத எந்த பீட்ல போட்டாலும் நிக்கும்னு அங்கயே மேசைல தட்ட ஆரம்பிச்சிட்டான். டிரைவர் அண்ணன் பாப்பாரப்பட்டி பக்கம், கூத்து பாத்து வளந்தவரு, நம்ம பாரதக் கூத்துல கட்டியங்காரன் அந்தந்த ஊர் விஷயத்த அங்கயே கோத்து பேசுவானே, அதுவும் இதே கை தானேன்னாரு. கடைய ரிவியூ பண்ண வந்தவன் இதெல்லாம் ஏன் சொல்றேன்னா இந்த மாதிரி பேச்சு தருமபுரில எனக்கு வேற எங்கயும் கெடைக்கல.

ஆகஸ்ட் 14. முத்துக்குமார் போன நாள், 2016. நாப்பத்தியொரு வயசு. மஞ்சக்காமாலை. அன்னைக்கு என்ன கிழமையா இருந்தாலும் சாயந்திரம் ஷட்டர் பாதி இறங்கும், அன்னைக்கு ராப் கெடையாது. அண்ணன் 2004ல வந்த 7ஜி ரெயின்போ காலனி கேசட் போடுவாரு, முழுப் படத்துக்கும் முத்துக்குமார் தான் எழுதுனது. நான் போயிருந்தப்போ அந்த கேசட் ஓடும்போது மங்கலா கேட்டுச்சு, எடுத்துப் பாத்தா உள்ள டேப்ப ஹெட்டோட அமுக்கிப் பிடிக்கிற அந்த குட்டி பஞ்சு பேட் உதுந்து போயிருக்கு. அவர் ஒரு கெட்டுப் போன பக்திப் பாட்டு கேசட்ட ஸ்க்ரூ கழட்டி, அதுல இருந்து செப்புத் தகட்டோட அந்த பேட்ட இடுக்கில எடுத்து இதுல மாத்தி வச்சாரு, ஹெட்ட ஸ்பிரிட் தொட்ட பஞ்சால ரெண்டு தடவ தொடச்சாரு, மறுபடி ப்ளே. நினைத்து நினைத்து பார்த்தேன் வந்துச்சு. சத்தம் தெளிஞ்சு வந்ததும் அங்க இருந்த ஒவ்வொருத்தர் மூஞ்சியும் மாறுனத பாக்கணும்.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு கேட்டாங்க. டிரைவர் அண்ணனுக்கு வெயில் படத்து வெயிலோடு விளையாடி. அதுவும் புதுப்பேட்டையும் 2006 தான், பாருங்க, வல்லவனும் ஏசியன் அவென்யூவும் கவனிக்க ஆளில்லாம போன அதே வருஷம் இந்த மனுசன் ஒரு பக்கம் இப்படி எழுதிக் குவிச்சிருக்காரு. டீச்சர் தங்க மீன்கள் படத்து ஆனந்த யாழை தான் வேணும்னாங்க, அதுக்கும் அடுத்த வருஷம் சைவம் படத்து அழகு பாட்டுக்கும் ரெண்டு தேசிய விருது. பையன் முத்துக்குமார் போனப்போ சின்னப் பையன், ஆனா அவரோட கவித புக்கு பட்டாம்பூச்சி விற்பவன பேக்ல வச்சிருந்தான். முத்துக்குமார் காஞ்சிபுரம் பக்கம் கன்னிகாபுரத்துல பொறந்து, காலேஜ்ல ஃபிசிக்ஸ் படிச்சு, அப்புறம் தமிழ் படிச்சு, டைரக்டர் பாலு மகேந்திராகிட்ட அசிஸ்டண்டா இருந்து, பாட்டு எழுத வந்து, ஆயிரத்துக்கு மேல எழுதி, இன்னும் எழுத வேண்டிய வயசுல போயிட்டாரு. எனக்கு அங்க உக்காந்திருந்தப்போ தோணுனது, முத்துக்குமாரும் இந்த ராப் பசங்களும் ஒரே வேலைய தான் பண்றாங்க, நாம வீட்ல ரோட்ல பேசுற வார்த்தைய எடுத்து எதுவும் பூசாம தாளத்துல வைக்கிறாங்க. ஒருத்தர் மெதுவா வச்சாரு, இவங்க வேகமா வைக்கிறாங்க. அதனால தான் அவர் பாட்டுல செட்ட சரி பண்ணிட்டு இவங்க ஆல்பத்த போட்டா அவ்ளோ நல்லா கேக்குது.

குறையும் சொல்லணும். சொன்ன தேதில சாமான் கெடைக்காது, வியாழன்னா அடுத்த செவ்வாய்னு நெனச்சுக்கோங்க, ஃபோன் எடுக்குறதும் அபூர்வம். கோயில் திருவிழா சீசன்ல சவுண்ட் சர்வீஸ்காரங்க சாமான் வந்து குவிஞ்சிரும், அப்ப வீட்டு செட் எல்லாம் பின்னாடி தான். பில் தர மாட்டாரு, வாரண்டின்னு எழுத்துல எதுவும் கெடையாது, வாய்ப்பேச்சு தான், ஆனா என் செட்ல மறுபடி ஒரு வயர் விட்டப்போ காசு வாங்காம பத்த வச்சு குடுத்தாரு. கார் ஆடியோ, ஹோம் தியேட்டர் ரிமோட் போர்டு எல்லாம் தொட மாட்டாரு. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பேட்டரி மட்டும் மாத்துவாரு. ஞாயித்துக்கிழம உக்கார ரெண்டு ஸ்டூல் தான், மீதிப் பேர் நிக்கணும், டீச்சர் மாதிரி லேடீஸ் இன்னும் நாலு பேர் வரணும்னா மொதல்ல உக்கார எடம் வேணும், இத அவர்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன், பாக்குறேன்னாரு. வண்டி கடைக்கு முன்னாடி நிறுத்தாதீங்க, பஸ் திரும்புற எடம். பழைய கேசட் வாங்க போறவங்க விலைய முன்னாடியே கேட்டுக்கோங்க, அவருக்கு பிடிச்ச கேசட்னா குடுக்கவே மனசு வராது, விலை ஏறிக்கிட்டே போகும், பிடிக்காததுன்னா சும்மாவே தூக்கிக் குடுப்பாரு. ஜிபே இருக்கு.

செட்ல பேஸ் ஏத்திக் குடுங்கண்ணான்னு கேட்டீங்கன்னா செஞ்சு குடுப்பாரு, கஸ்டமர் கேட்டா செய்யணும்ல, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ அவர் வைக்கிற மாதிரி கேட்டுப் பாருங்கன்னு தான் நான் சொல்வேன். கையில ஒரு பாட்டு கொண்டு போங்க, உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு, அதுல நீங்க இவ்ளோ நாள் தப்பா கேட்ட வார்த்த ஒண்ணாவது வெளிய வரும்.

அப்புறம் ஒரு ரிக்வெஸ்ட். ஏசியன் அவென்யூ ஒரிஜினல் சிடியோ, வல்லவன் ஒரிஜினல் சிடியோ கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம் யார்கிட்டயாவது இருந்தா ஒரு ஞாயித்துக்கிழம எடுத்துட்டு வாங்க. அண்ணன் ரொம்ப நாளா தேடிட்டு இருக்காரு. விலைக்கு வேணாம், அங்கயே போட்டு கேட்டுட்டு கைலயே திருப்பிக் குடுத்துருவாரு, உங்க ஆம்ப்ல ஏதாவது கோளாறு இருந்தா அதயும் கூடவே எடுத்துட்டு வந்துருங்க.